சிறந்த நடிகர் தண்டபாணி

அந்த ஆண்டு சிறந்த நடிகருக்கான விருது பொள்ளாச்சி தேங்காய் மண்டித் தரகர் தண்டபாணிக்குக் கிடைத்தது. சுலோச்சனாவின் கணவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடித்ததற்காக அதைக் கொடுத்தார்கள். படத்தில் நடித்திருக்க வேண்டும் என்ற விதியை விருதுக் குழு எப்போதோ எடுத்துவிட்டது. எடுத்தது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அதற்கு முன் வாங்கியவர்களில் சிலர் படத்தில் வந்தும் நடிக்காமல்தான் வாங்கியிருந்தார்கள்.

விழா சென்னையில் நடந்தது. கணவனும் மனைவியும் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவியில் பார்த்தார்கள். பெயரைச் சொல்வதற்கு முன் வழக்கம்போல ஒரு காட்சியைத் திரையில் போட்டார்கள். தண்டபாணி மண்டியிலிருந்து வருகிறார், கால் கழுவுகிறார், இன்றைக்கு என்ன என்று கேட்கிறார். உப்புமா என்று அடுப்படியிலிருந்து குரல் வருகிறது. "நல்லதாப் போச்சு" என்கிறார். அவ்வளவுதான். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. முன்வரிசையில் பெரிய பெரிய கதாநாயகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுப்படிக் குரல் யாருடையது என்று மேடையில் யாரும் சொல்லவில்லை.

நடுவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு மாடிப்படியில் மூன்று பேர் வருடக் கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். மின்வாரியத்துக்காரர்கள் என்று நினைத்து, வெயில் காலத்தில் சுலோச்சனா அவர்களுக்கு மோர்கூடக் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் விருது வீடு வந்து சேர்ந்தது. கூடவே நாச்சிமுத்து வந்தார். பித்தளைப் பீடத்தில் பெயர் வெட்டுவது அவர் வேலை. கோயம்புத்தூரில் ஒரு பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து, சீர்வரிசை அண்டாக்களில் மணமக்கள் பெயர் வெட்டிக்கொண்டிருந்தவரை விருதுக் குழு எடுத்துக்கொண்டது. ஆனால் வந்ததும் வெட்டிவிட முடியாது. விருது பெற்றவர் எந்த ஊரோ அந்த ஊரில் விருதுகளைப் பற்றிக் கருத்து எழுதுகிறவர், இது தகும் என்று எழுத வேண்டும். தகாது என்று எழுதிவிட்டால் நாச்சிமுத்து விருதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அடுத்த பஸ் ஏறிவிடுவார்.

பொள்ளாச்சியில் அப்படிக் கருத்து எழுதுகிறவள் ஒருத்திதான். சுலோச்சனா.

அவள் எழுத்துக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. விழா முடிந்த வாரம் உள்ளூர் வாரப் பத்திரிகையை ஜனங்கள் பின்பக்கத்திலிருந்துதான் பிரிப்பார்கள், அவள் பகுதி அங்கேதான் வரும். யாருக்கும் தலையாட்ட மாட்டாள். ஒருமுறை அழுது விருது வாங்கிய நடிகையைப் பற்றி, ஒரு கண் போதுமான இடத்தில் இரண்டு கண்ணாலும் அழுதிருக்கிறார் என்று எழுதினாள். அந்த நடிகை அதன்பிறகு அளவாகத்தான் அழுதார். நடிப்பு தெரியக் கூடாது என்பது சுலோச்சனாவின் கட்சி. பக்கத்தில் நின்று பார்க்கிறவனுக்கும் தெரியாமல் இருப்பதுதான் நடிப்பு என்று வருடம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

இந்த வருடமும் மற்றவற்றை எழுதுவதில் அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை. நாச்சிமுத்துவுக்கு இட்லி வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

"சிறந்த இசை: உடுமலைக் கல்யாண மண்டபம் ஒன்றில் கெட்டிமேளம் நின்றதற்கும் கூட்டம் பந்திக்கு ஓடியதற்கும் நடுவில் இருந்த மௌனம். இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம். யாரோ நாற்காலியை இழுத்துக் கெடுத்துவிட்டார்கள். ஆனாலும் தகும்.

சிறந்த ஒப்பனை: அமைச்சர் வருகைக்காக இரவோடு இரவாகப் போட்ட சாலை. அமைச்சர் கார் தாண்டும்வரை கலையவில்லை. கேட்டதும் அவ்வளவுதானே. தகும்.

சிறந்த படத்தொகுப்பு: கூடப் பிறந்த தம்பியைத் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துவிட்ட ஈரோட்டு டீச்சர். வெட்டிய இடமே தெரியவில்லை. தான் பிறந்தோமா என்று தம்பிக்கே சந்தேகம் வந்திருக்கிறது. மனம் ஒப்பவில்லை, ஆனாலும் தொழில் சுத்தம். தகும்.

சிறந்த நடிகை: மகள் வெளிநாடு போகும்போது விமான நிலையத்தில் சிரித்துக்கொண்டே நின்ற சேலத்து அம்மா. கண்ணாடிக் கதவு மூடும்வரை சிரிப்பை வைத்திருந்தார். மூடிய பிறகு அதை எடுக்க மறந்து, அப்படியே சேலம் வரைக்கும் பஸ்ஸில் வந்திருக்கிறார். இவருக்கு இரண்டு விருது கொடுத்திருக்கலாம்."

அதற்கடுத்த வரியில், சிறந்த நடிகர் என்று எழுதி நிறுத்தினாள். பேனா அதற்கு மேல் ஓடவில்லை.

அவளுடைய சங்கடம் லேசானதல்ல. தகும் என்று எழுதினால், அந்த மனிதர் இத்தனை வருடமும் அவளிடம் நடித்தார் என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. கல்யாணமான புதிதில் ஆழியாறு அணைக்குக் கூட்டிப்போய் மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தது, அவளுக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தது, எல்லாமே அந்த விருதுக் கணக்கில் போய்விடும். தகாது என்று எழுதினால் வாழ்க்கை பிழைக்கும், ஆனால் விருது போய்விடும். அந்த மனிதர் பிறந்ததிலிருந்து ஒரு பரிசும் வாங்கியதில்லை. பள்ளிக்கூடத்துச் சாக்கு ஓட்டத்தில் நான்காவதாக வந்ததை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறவர். காலையிலேயே ஷோகேஸில் இருந்த பொம்மைகளை எல்லாம் எடுத்துப் பீரோவில் போட்டுவிட்டு, நடுத்தட்டைத் துடைத்து வைத்துவிட்டார்.

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் வந்த கோபம் என்பதால் அதிகமாகவே வந்தது.

இதற்குள் பேர் வெட்டுகிறவர் வந்திருக்கிறார் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண்கள் குடத்தையும் தூக்குப் போசியையும் எடுத்துக்கொண்டு வந்து வராந்தாவில் வரிசை கட்டிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இதையாவது செய்யலாமே என்று நாச்சிமுத்து சின்ன மெஷினை ஓடவிட்டார். கிர்ரென்ற சத்தத்துக்கு நடுவே எதிர்வீட்டுக் கஸ்தூரி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, இன்னும் எழுதலீங்களா?"

"எழுதிட்டுத்தான் இருக்கறேன்."

"தகும்னே போடுங்க்கா. எங்கூட்டுக்காரரும் இருக்காரே, மூஞ்சியப் பாத்தாலே நடிக்கறாருன்னு தெரிஞ்சுபோயிருது. உங்களவருது தெரியவே இல்லீங்க. நாங்கெல்லாம் நெசம்னே நெனச்சிருந்தோம்."

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். சுலோச்சனா அதைக் கேட்டுக்கொண்டு எழுந்து, ஷோகேஸ் பக்கம் போனாள். தண்டபாணி நடுத்தட்டுக் கண்ணாடியை இரண்டாம் தடவை துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு புள்ள."

"நீங்க நெசமாலுமே நடிச்சீங்களா?"

தண்டபாணி துணியை மடித்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது என்று அவள் இத்தனை காலமும் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையும் இப்போது விருதுக் குழுவின் பரிசீலனையில்தான் இருந்தது.

"மொதல்ல கொஞ்ச நாள் நடிச்சேன்" என்றார். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கே ஆரம்பிச்சுட்டேன். சாந்தமான மாப்பிள்ளைன்னு கல்யாணத் தரகர் சொல்லி வெச்சிருந்தாரு. சரி, அப்படியே இருப்போம்னு இருந்தேன். அப்பறம் எது நடிப்பு, எது நானுன்னு எனக்கே பிடிபடல."

"நிறுத்தியிருக்கலாமுங்கள்ல?"

"யாரும் கட் சொல்லலையே சுலோ. கட் சொல்றவரைக்கும் நடிகன் நிறுத்தக் கூடாதுன்னு நீதான எழுதுவ."

எழுதியிருந்தாள். பல தடவை எழுதியிருந்தாள். அவள் எழுதியதை அவர் படிப்பார் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அது அவளைச் சந்தோஷப்படுத்தியது. இந்த நேரத்தில் சந்தோஷப்படுவது என்ன புத்தி என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

"விருது வேணுமுங்களா உங்களுக்கு?"

தண்டபாணி காலியான தட்டைப் பார்த்தார். "நீ தகாதுன்னு எழுதுனாலும் எனக்கு வருத்தமில்ல" என்றார்.

அதை அவர் அவ்வளவு நன்றாகச் சொன்னார். குரல் இறங்கவில்லை, கண் கலங்கவில்லை, கை நடுங்கவில்லை. எதிர்வீட்டு மாடிப்படியில் இருந்த மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். சுலோச்சனா அந்த முகத்தில் எங்கேயாவது ஒரு தையல் தெரிகிறதா என்று தேடினாள். தெரியவில்லை. முப்பது வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கே தெரியவில்லை.

அப்படியானால் அவளுடைய கட்சிப்படி ஒரே ஒரு பதில்தான் இருந்தது. வேறு யாரோ ஒருவருடைய கணவராக இருந்திருந்தால் அதை எழுத அவளுக்குக் கால் நிமிடம் ஆகியிருக்காது. அவள் போய் உட்கார்ந்து எழுதினாள்.

"சிறந்த நடிகர்: பொள்ளாச்சி தண்டபாணி. இவருடைய நடிப்பை மற்றவர்களைவிட அதிகமாகப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நடிப்பு என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அதற்காக எனக்கு வருத்தம் உண்டு. தகும்."

எழுதி முடித்ததும் அழுதாள். ஒரு கண்ணால்தான். பிறகு முந்தானையில் துடைத்துக்கொண்டு தாளை நாச்சிமுத்துவிடம் கொடுத்தாள். அவர் கடைசி வரியை மட்டும் படித்து, யாருடையதோ ஒரு குடத்தைக் கீழே வைத்துவிட்டு, விருதை மடியில் எடுத்துக்கொண்டார்.

"பேரு சொல்லுங்கம்மா."

"தண்டபாணின்னு வெட்டுங்க."

"அது வேசத்தோட பேருங்களே" என்றார் நாச்சிமுத்து பொறுமையாக. "பீடத்துல நடிச்சவரு பேருதான் வரோணும். போன வருசம் அவிநாசியில தெரியாம வேசத்துப் பேர வெட்டிப்போட்டேன். அந்தாளு வூட்டுக்குள்ள விருது நிக்கவே இல்ல, வெச்ச எடத்துல இருந்து நவுந்து நவுந்து வாசலுக்கு வந்துருது. அவருகிட்டயே கேட்டுச் சொல்லுங்க. வேசத்துல இருக்கையில கேட்டா சொல்ல மாட்டாரு. யாராச்சும் கட் சொல்லோணும்."

சுலோச்சனா திரும்பிப் பார்த்தாள். தண்டபாணி ஷோகேஸ் பக்கத்தில், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவளுக்குப் பயமாக இருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. விருது வாசலில் நிற்கட்டும், குடை வைக்கிற இடத்தில் அதுவும் ஒரு பக்கமாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த மனிதருக்கு வாழ்க்கையில் ஒரு பரிசு கிடைத்து, அதிலும் வேறு யாருடைய பெயரோ இருப்பது நியாயமில்லை என்று அவளுக்குப் பட்டது. அவர் யாராக இருந்தாலும் சரி, உழைத்தவர் அவர்தான்.

"கட்" என்றாள். குழாயை மூடச் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

வராந்தாவில் மெஷின் நின்றிருந்தது. அவர் தோளில் கிடந்த துணியை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. இறுக்கமான செருப்பைக் கழற்றிய கால் விரல்களைப்போல முகம் மெதுவாக விரிந்தது. கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். காலண்டர், மின்விசிறி, கல்யாணப் படம் என்று ஒவ்வொன்றையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, அவளிடம் கேட்டார்.

"உக்காரலாமுங்களா?"

"உக்காருங்க" என்றாள்.

சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். நாச்சிமுத்து பெயரைக் கேட்டார். அவர் சொன்னார். சுலோச்சனா அதுவரை கேட்டிராத பெயர், ஆனால் அவர் முகத்துக்கு நன்றாகத்தான் இருந்தது. நாச்சிமுத்து வெட்ட ஆரம்பித்தார். வராந்தாவில் இருந்த பெண்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தவரை வெறுமனே உட்கார வைக்கக் கூடாது என்று சுலோச்சனா அடுப்படிக்குப் போய்க் காப்பி கலந்து கொண்டுவந்தாள். அவர் எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பி, டம்ளரை வாங்காமல் கூச்சத்தோடு சிரித்தார்.

"மன்னிச்சுக்குங்க. நான் காப்பி குடிக்கறதில்லீங்க. அவருதான் குடிப்பாரு."

சுலோச்சனா தலையசைத்தாள். அவர் வந்தால் குடிக்கட்டும் என்று டம்ளரை ஒரு தட்டால் மூடி ஓரமாக வைத்தாள். பிறகு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உங்களுக்கு என்னங்க பிடிக்கும் என்று இவரைக் கேட்டாள்.