எல்லாவற்றுக்கும் ‘இல்லை’

“தூக்கம் எப்படின்னு கேக்காங்க” என்றார் பாலசுப்ரமணியன். கேட்ட வாயோடு, ‘நன்று’ என்ற கட்டத்தில் பென்சிலால் ஒரு டிக்கும் போட்டுவிட்டார்.

“நான் எங்க தூங்குதேன்?”

“தூங்காதவதான் நேத்து மத்தியானம் டிவி சத்தத்தையும் மீறிக் குறட்டை விட்டியாக்கும்.”

வனஜா கீரைத் தண்டு ஒன்றை எடுத்து உருவினாள். அவள் முன்னால் பழைய பேப்பரில் ஒரு கட்டு மேத்தி, வெந்தயக்கீரை, கிடந்தது. மூன்று மணிக்கு ஆயத் தொடங்கியது. நாலு மணியாகியும் பாதிகூடக் குறையவில்லை.

நாளைக் காலை பதினோரு மணிக்கு நகரத்தின் இன்னொரு பகுதியான ஔந்தில் அவளுக்குக் கவுன்சலிங். முதல் தடவை. தலைவலி என்று ஐந்து மாதமாகப் போய்ப் போய் நின்றதில், ஆகுர்டி டாக்டரம்மா இந்த முறை மாத்திரை எழுதாமல் அந்த இடத்தின் போன் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தாள். இன்று ஐந்து மணிக்குள் படிவத்தை நிரப்பி போட்டோ எடுத்து அனுப்பாவிட்டால் நேரம் வேறொருவருக்குப் போய்விடும், அடுத்தது மூன்று வாரம் கழித்துத்தான் என்று அங்கே வேலை பார்க்கும் வைஷாலி காலையில் போனில் சொன்னாள். மூன்று வாரம் என்று கேட்டதுமே, இன்றே அனுப்பிவிடுகிறேன் என்றாள் வனஜா.

படிவம் என்றால் அந்தக் காலனியில் பாலசுப்ரமணியன்தான். தொழிற்சாலை டைம் ஆபீஸில் முப்பத்திநாலு வருஷம் வருகைக் கணக்கு எழுதியவர். ரேஷன் கார்டு, கேஸ், பாஸ்போர்ட் எதுவானாலும் அவரிடம்தான் வருவார்கள். நோய் நொடி கேட்கிற இடமெல்லாம் ‘இல்லை’ என்று போடுவது அவர் வழக்கம். அவருடைய மச்சினன் ரவிசந்திரன் ஒருமுறை யோக்கியமாகச் சர்க்கரை இருக்கிறது என்று எழுதி, இன்ஷூரன்ஸே கிடைக்காமல் திரும்பி வந்தவன். வனஜா, கல்யாணமான நாளிலிருந்து அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகியவள்.

“பசி?”

“நீங்களே சொல்லுங்க.”

“நல்லாத்தான சாப்பிடுதே. நன்று. அழுகை, படபடப்பு, எரிச்சல்… இல்லை, இல்லை, இல்லை. எரிச்சல் மட்டும் கொஞ்சம் உண்டு. போட வேண்டாம், எனக்குத்தான் அசிங்கம்.”

“வந்த காரணம்னு ஏதும் கேக்கலையா?”

“கேட்டிருக்கான். பொதுப் பரிசோதனைன்னு போட்டுட்டேன்.”

“இப்படி எழுதுனா, உங்களுக்கு ஒண்ணுமில்லையே, எதுக்கும்மா வர்றீங்கன்னு கேக்க மாட்டாங்களா?”

“அதெல்லாம் நேர்ல போய் வாயால சொல்லிக்கலாம். எழுத்துல மாட்டக் கூடாது.”

அடுத்த கேள்வியை அவர் வாசிக்கவில்லை. பென்சில் மட்டும் சட்டென்று ஒரு டிக் போட்டுவிட்டுக் கீழே இறங்கியது.

“அது என்ன?”

“ஒண்ணுமில்ல. உனக்கு வேண்டாதது.”

வனஜா எட்டிப் பார்த்தாள். அவர் படிப்பது இங்கிலீஷ் வரியை; மராத்தி அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். அவள் பிறந்தது இந்த மராத்தி ஊரிலேயே கட்கியில், படித்தது முனிசிபாலிட்டி மராத்திப் பள்ளிக்கூடம். ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் சின்ன எழுத்தில் மராத்தியும் இருந்தது. கடந்த ஆறு மாதத்தில் உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதுண்டா? இல்லை, எப்போதாவது, அடிக்கடி, தினமும்.

“அதை அழிச்சிருங்க.”

“எதை?”

“அந்த டிக்கை.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

“வனஜா, இது ரெக்கார்டு. ஒரு தடவை போச்சுன்னா போனதுதான். நம்ம பய நிர்மலுக்குப் பொண்ணு பாக்கிற நேரம் வேற.”

“வாரவ இந்தப் பேப்பரையா படிச்சுட்டு வரப் போறா?”

“விளையாட்டா சொல்லுதியா?”

“விளையாட எனக்கு எங்கங்க தெம்பு.”

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். கடைசியில் அது கிளம்பியது.

“எப்ப?” என்றார்.

“தீபாவளிக்கு முந்தி. முறுக்கு சுட்டுக்கிட்டு இருந்தேன். இதெல்லாம் முடிச்சு, பாத்திரம் கழுவி, படுத்து, நாளைக்கு மறுபடியும் எந்திரிக்கணுமேன்னு இருந்துச்சு. எந்திரிக்காம இருந்தா நல்லாருக்குமேன்னு.”

“அன்னைக்கு முறுக்கு நல்லாத்தான இருந்துச்சு” என்றார். சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலிருந்திருக்க வேண்டும். பென்சிலின் பின்பக்கத்தைத் திருப்பி அந்த டிக்கை அழித்தார். தாள் லேசாகக் கிழிந்தது.

“எப்போதாவதுன்னு போடட்டுமா?”

“அதுக்கப்புறமும் வந்துச்சு.”

“எத்தனை தடவை?”

“எண்ணலைங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“நீங்க கேட்டாத்தான. இந்தப் பேப்பர்ல கேக்கான், சொல்லுதேன்.”

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அதைப் பார்த்து இரக்கப்படக்கூட அவளுக்கு அப்போது முடியவில்லை. பென்சிலை அவர் கையிலிருந்து வாங்கி, ‘அடிக்கடி’க்கு நேராக டிக் போட்டாள். பிறகு தாளின் தலைக்குப் போய், ‘பொதுப் பரிசோதனை’யை அழிக்கத் தொடங்கினாள்.

மணி நாலே முக்காலுக்குப் போன் அடித்தது. வைஷாலிதான். அவர் எடுத்து இந்தியில் பேசினார். “ஹாஞ்சி. இல்லம்மா, இன்னும் முடியல. நான் எழுதினது சரியில்ல, அவங்களே எழுதுதாங்க. நேரம் ஆகும். நாளைக்கு நேரத்தை மட்டும் யாருக்கும் குடுத்துராதீங்க, பிளீஸ்.” அந்தப் பக்கம் பேசுவதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போனை வைத்தார்.

“ஆறு மணி வரைக்கும் பாப்பாளாம்.”

“ம்.”

அவள் மராத்தியில் எழுதிக்கொண்டிருந்தாள். கடைசியாக இவ்வளவு எழுதியது எப்போது என்றே நினைவில்லை. விரல் அதற்குள் வலித்தது. பாலசுப்ரமணியன் ஒரு மேத்தித் தண்டை எடுத்து, இலையை எப்படி உருவுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“காரணத்துக்கு ரெண்டே ரெண்டு கோடுதான் விட்டிருக்கான்” என்றாள்.

“பின்பக்கம் காலியாத்தான் கிடக்கு” என்றார் அவர். “அங்க எழுது.”