கடைசி பெஞ்சில் ஓய்வுநாள்

அடுப்பு சில்லென்று இருந்தது. ஆலயத்திலிருந்து திரும்பிய மாமியார் நம்பாமல் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையில் அவள் அடுப்பைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. தோலுரித்த உருளைக்கிழங்குகள் தண்ணீருக்குள் அப்படியே கிடந்தன. போதகரும் அவர் மனைவியும் மதியம் சாப்பிட வருவதாக ஏற்பாடு, மருமகளையோ காணோம். மகன் அவள் கைப்பேசிக்குக் கூப்பிட்டான். அது சமையலறை அலமாரியிலேயே அடித்தது.

மாமியாருக்குச் சபையில் 'ஓய்வுநாள் அம்மா' என்று பட்டப்பெயர். ஞாயிற்றுக்கிழமை ஊசியில் நூல் கோக்க மாட்டாள், கடையில் உப்புகூட வாங்க மாட்டாள். செடிகளுக்குச் சனிக்கிழமையே இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றிவிடுவாள். செடி அழுகினாலும் கட்டளை அழுகக் கூடாது. உலகத்தையே படைத்தவர் ஒரு நாள் ஓய்ந்திருந்தார், நமக்கென்ன அவரைவிட அதிக வேலையா என்று கேட்டு யாரையும் வாயடைக்க வைத்துவிடுவாள். அவள் ஓய்ந்திருக்கையில் சாப்பாடு மேசைக்கு எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கடைசிப் பாட்டு தொடங்கியதுமே மருமகள் பின்வாசல் வழியாக நழுவிவிடுவாள். மற்றவர்கள் ஊர்க்கதை பேசி ஆடி அசைந்து வீடு வந்து சேரும்போது வாசனை வாசலுக்கே வந்து வரவேற்கும்.

"கோவிச்சுட்டுப் போயிட்டாளோ?" என்றான் மகன்.

"நீ என்னடா சொன்ன அவள?"

"நான் ஒண்ணுமே சொல்லலம்மா!"

அதுதான் குற்றம் என்று மாமியாருக்குத் தோன்றியது. ஆனால் அந்தக் குற்றத்தில் தனக்கும் பங்கு உண்டு. மகனை அக்கம்பக்கத்தில் விசாரிக்கச் சொல்லிவிட்டு, வந்த வழியே ஆலயத்துக்கு நடந்தாள். போதகர் வந்தால் என்ன சொல்வது என்று பாதிக் கவலை, பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ என்று பாதி. பாதிக்குமேல் நடந்த பிறகு முதல் கவலை எங்கோ உதிர்ந்துபோயிருந்தது.

ஆலயத்தில் மணியடிக்கிறவர் சாவியும் கையுமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார்.

"பூட்டணும்மா. ஆனா எழுப்ப மனசு வரல."

கடைசி பெஞ்சில், சுவரோரமாக, மருமகள் கால்களை மடக்கிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பாட்டுப் புத்தகம் கீழே விழுந்து கிடந்தது. மாமியாருக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. உலுக்கி எழுப்பக் கையை நீட்டினாள்.

நீட்டிய கை நின்றது. மருமகளின் மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று, புதிது. சலவைக் கடையில் ஆறு நாளும் நின்றபடியே துணி தேய்க்கிறவள். ஏழாம் நாள் விருந்து சமைக்கிறவள். மாமியார் மெதுவாகப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

வேதத்தில் வருமே, புயலில் படகு ஆட, ஆண்டவர் அசந்து தூங்கினார், சீஷர்கள்தான் பொறுக்காமல் எழுப்பினார்கள். தான் அந்தப் படகில் இருந்திருந்தால் புயல் வரும்வரைகூடக் காத்திருக்க மாட்டோம், சாப்பாடு என்னாச்சு என்று எழுப்பியிருப்போம் என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது, கண்ணும் கரித்தது. ஓய்வுநாளைப் பற்றிய வேதக் கட்டளையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். மகன், மகள், வேலைக்காரர், மாடு, வாசலுக்குள் வந்த அந்நியன் என்று எல்லாருக்கும் அதில் ஓய்வு உண்டு. மருமகள் என்று மட்டும் இல்லை. கல்யாணத்தன்று இதே ஆலய வாசலில் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மருமக இல்ல, மகளாத்தான் கூட்டிட்டுப் போறேன்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னது யார்?

வாசலில் மகன் மூச்சிரைக்க வந்து நின்றான். "அம்மா, போதகர் வந்துட்டாரு. அவள எழுப்பு!"

"சத்தம் போடாத. போய் அடுப்பப் பத்த வை."

"நானா? இன்னிக்கு ஓய்வுநாளும்மா!"

"அது அவளுக்குடா. உருளைக்கிழங்கு உரிச்சே இருக்கு, வேக வெக்கத் தெரியாதா? போதகர் கைலயும் ஒரு கத்தியக் குடு. ஓய்வப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாருல்ல, வெங்காயம் நறுக்கட்டும்."

மணியடிக்கிறவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். மகன் தலையைச் சொறிந்தபடி நின்றான், பிறகு மனைவியைப் பார்த்தான். வீட்டுப் பக்கம் நடந்தான். தெருமுனையில் அவன் நடை ஓட்டமானது.

பேச்சுச் சத்தத்தில் மருமகள் கண் விழித்தாள். பதறி எழுந்தாள்.

"ஐயோ அத்தை! பாட்டு முடியிறதுக்குள்ள கெளம்பலாம்னுதான்... ஒரு நிமிஷம் சாஞ்சேன்... சமையல்..."

"சமையல் நடக்குது. படு."

"யாரு செய்றா?"

"யாரோ செய்றாங்க. எப்பவும் யாரோதான செஞ்சாங்க? படும்மா."

அவள் நம்பாமல் பார்த்தாள். மாமியார் அந்தத் தலையைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழுத்து விறைப்பாக இருந்தது. பிறகு தலையின் முழுக் கனமும் இறங்கியது.

மணியடிக்கிறவர் சாவியைப் பெஞ்சில் ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போனார். சமையலறையில் இந்நேரம் என்னென்ன கருகுகிறதோ, கருகட்டும். மாமியாருக்குக் கால் மரத்துப்போனது. ஓர் ஈ வந்து மருமகளின் நெற்றியில் உட்காரப் பார்த்தது. கீழே கிடந்த பாட்டுப் புத்தகத்தைக் கால்விரலால் இழுத்து எடுத்து, ஓய்வுநாள் அம்மா விசிறத் தொடங்கினாள்.