வேன் கேமராவிலிருந்து வந்த கார்டு

ரிப்பேர்க்கடை அக்காவுக்குக் கெட்டுப்போன பொருள்களைக் கண்டால் எரிச்சல் கிடையாது. அவற்றைத் தூக்கிக்கொண்டு வருகிற மனிதர்களைக் கண்டால்தான் எரிச்சல். தண்ணீரில் போட்டு எடுத்துவிட்டு, "தானாவே நின்னுடுச்சு" என்று கூசாமல் சொல்வார்கள். அன்று வந்தவள் மேல் மட்டும் எரிச்சல் வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

வந்தவள் லோடுமேனின் மனைவி. அவள் புருஷன் முந்தாநாள் அக்காவின் தம்பி ஓட்டிய வேனில் சரக்கு இறக்கப் போனவன், வீடு திரும்பவில்லை. பாதி வழியில் சண்டை போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டான் என்று தம்பி எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அக்காவும் நம்பினாள். கூடப்பிறந்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

"வேன் ஓனர் குடுத்தாருக்கா. முன்னாடி கேமராவுல இருந்த கார்டாம். அவரு கம்ப்யூட்டர்ல போட்டா ஒண்ணுமே காட்டலையாம். எங்க இறங்கினாருன்னு தெரிஞ்சா போதும், நானே போய்த் தேடிக்குவேன்."

நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய மெமரி கார்டு. அக்கா ரீடரில் செருகினாள். கம்ப்யூட்டர் கல்லுளிமங்கன் மாதிரி வாயே திறக்கவில்லை. வேறு ரீடர், வேறு போர்ட். டிரைவ் பட்டியலில் பெயரில்லாமலாவது ஒளிந்திருக்கிறதா என்று துழாவினாள். ம்ஹூம்.

போன் அடித்தது. தம்பி. உள்ளறைக்குப் போய் எடுத்தாள்.

"அந்தம்மா வந்திருக்காங்களா?"

"ஆமாண்டா."

"கார்டு செத்துப்போச்சுன்னு சொல்லி அனுப்பிடுக்கா. சும்மா நேரத்தை வீணாக்காத."

அவன் குரலில் பதற்றமே இல்லை. அதுதான் அவளை உறுத்தியது.

திரும்பி வந்து, துடைத்துப் பார்க்கலாமென்று கார்டைக் கவிழ்த்து விளக்கடியில் பிடித்தாள். பித்தளை நிற முனைகளின் மேல் ஏதோ பளபளத்தது. ஊசியால் நெருடினாள். செல்லோடேப். முனைகளின் அளவுக்கே பிசிறில்லாமல் வெட்டி ஒட்டியிருந்தது.

செத்த கார்டுகள் நல்லதோடு கலந்துவிடக் கூடாதென்று இந்தக் கடையில் அப்படித்தான் வாய்ப்பூட்டுப் போடுவார்கள். அவளாகக் கண்டுபிடித்த வழி, வேறெங்கும் கிடையாது. வேன் ஓட்டப் போகும் முன்பு தம்பி இங்கே அவள் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ கார்டுகளுக்கு ஒட்டியவன். கார்டு தொலைந்துவிட்டதென்று அவன் ஓனரிடம் சொல்லியிருக்கலாம். ஓனர் கேட்ட அவசரத்தில் பழகின கை பழகின வேலையைச் செய்துவிட்டது.

செத்துப்போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தம்பி தப்பிப்பான். எதிரே ஸ்டூல் நுனியில் இருந்தவள் இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாயிடுமாக்கா?"

அக்கா டேப்பை உரித்தாள்.

கார்டு திறந்துகொண்டது. கடைசி வீடியோவில் ஆளில்லாத மண்பாதை. வேனுக்கு முன்னால் லோடுமேன் நின்று, வா வா என்று கையசைத்து வழி காட்டினான். வேன் நகர்ந்தது. நில்லு என்று கையை விரித்தான். வேன் நிற்கவில்லை. படம் ஒரு குலுங்கு குலுங்கியது. தம்பி இறங்கி வந்தான், தரையைக் குனிந்து பார்த்தான், சுற்றுமுற்றும் பார்த்தான், திரும்ப ஏறிக்கொண்டான். வேன் பின்னால் போகப் போக, தரையில் கிடந்தவன் தெரிந்தான். ஒரு கையைத் தூக்கினான்.

"உயிரோடதான் இருக்காரு," என்றாள் மனைவி. அவள் குரலில் சந்தோஷமே இருந்தது. "கையைத் தூக்குறாரு பாருங்கக்கா!"

போன் மறுபடி அடித்தது. இந்த முறை அக்கா எழுந்து போகவில்லை. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"சொல்லிட்டியாக்கா?"

"பார்த்துட்டேன்டா. அவரை எந்த இடத்துல விட்டுட்டு வந்தே?"

அவன் அழ ஆரம்பித்தான். "நான் அப்படியே விட்டுடலக்கா. பொழுது சாய்ஞ்சதும் திரும்பப் போனேன். அப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு. வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் குடுன்னு கேட்டாரு..."

மனைவி மேஜைப் பக்கம் குனிந்தாள்.

"போன் எதுவும் வரலையே, தம்பி," என்றாள். "அப்புறம் என்ன ஆச்சு?"