முதல் மூட்டை

அண்ணனுக்குப் போட நீலச் சட்டையைத் தேடிப் பீரோவுக்குள் கையை விட்டிருந்தபோது அவளுடைய கைப்பேசி அடித்தது. ஆய்வுக்கூடத்து உதவியாளர்.

“மேடம், இந்த நேரத்துல சொல்லக்கூடாதுதான். இருபத்துமூணாவது மூட்டையிலயும் ஒண்ணுமில்ல. புற்று செல் எல்லாம் குத்துக்கல்லாட்டம் அப்படியே இருக்கு.”

“சரி” என்று வைத்தாள். முன்னறையில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். மூன்று மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. நுரையீரலில் ஆரம்பித்து ஏழே மாதத்தில் ஆளைத் தின்றுவிட்டது. புற்றுநோய்க்கு மரப்பட்டையில் மருந்து தேடுகிறவளின் சொந்த அண்ணன். வந்தவர்கள் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பார்த்த பார்வை போதுமே.

அந்தப் பட்டையைக் கொண்டுவந்ததே அவர்தான். மர லாரி ஓட்டினவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மலையிலிருந்து அவர் இறக்கிய முதல் மூட்டையின் சாறு, கண்ணாடித் தட்டிலிருந்த புற்று செல்களை இரண்டே நாளில் கொன்றது. ஆய்வுக்கூடமே துள்ளிக் குதித்தது. அந்தச் சாறு தீர்ந்ததோடு அதிர்ஷ்டமும் தீர்ந்தது. அதே மலை, அதே மரம், அதே மாதம். எத்தனை மூட்டை வந்தும் பலன் பூஜ்யம். மரத்தை மாற்றிவிட்டாரா என்று எத்தனை தடவை குடைந்திருப்பாள்! “அதே மரந்தான், சுத்தக்காரி” என்று சிரிப்பார். பட்டையில் துளி மண் ஒட்டியிருந்தாலும் அவள் போடும் கூப்பாட்டுக்கு அவர் வைத்த பேர் அது.

அண்ணி வந்து சட்டையைச் சட்டென்று உருவிக் கொடுத்தாள்.

“இந்தா. உனக்கு எப்படிப் பயப்படுவாரு தெரியுமா? கடைசி வரைக்கும் உங்கிட்டச் சொல்லவேயில்ல.”

“எதை அண்ணி?”

“அந்த முதல் மூட்டை. வர்ற வழியில தார்ப்பாய் கிழிஞ்சு தொப்பலா நனைஞ்சிருச்சு. ரெண்டு வாரம் ஷெட்டுல கிடந்து பச்சைப் பச்சையா பூசணம் பூத்துப்போச்சு. நீ வாங்கமாட்டேன்னு ரெண்டு பேரும் உக்காந்து துணியால தொடைச்சு, வெயில்ல காயவெச்சுக் குடுத்தோம். அதுக்கப்புறம் ஒவ்வொரு மூட்டையையும் ரெண்டு தண்ணி அலசாம குடுக்கமாட்டாரு. தங்கச்சி வேலை கெட்டுடக்கூடாதாம்.”

சட்டையைப் பிடித்தபடி நின்றாள். பூசணம். செல்களைக் கொன்றது அதுவாகத்தான் இருக்கவேண்டும். அது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் அலசி அலசிச் சாக்கடையில் விட்டிருக்கிறார், தங்கை மேலிருந்த பாசத்தில்.

தெரிந்திருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது. தட்டில் செல் சாவதற்கும் மருந்து மனிதன் கைக்கு வருவதற்கும் நடுவே எத்தனை வருஷம் என்பது அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் முன்னறைக்குப் போய்த் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. ஏண்ணா சொல்லல? பதிலும் அவளுக்குத் தெரியும். சொல்ற மாதிரியா நீ இருந்தே?

“அந்த முதல் மூட்டை வந்த சாக்கு எங்க அண்ணி?”

“ஷெட்டுல பெஞ்சுக்கு அடியில. அவரு எதைத் தூக்கிப் போட்டாரு?”

செருப்பில்லாமல் ஓடினாள். வருகிறவர்கள் உட்கார ஷெட்டைக் கழுவி நாற்காலி போட்டிருந்தார்கள். அண்ணியின் தம்பி வாளியும் கையுமாக நின்றான். கொடியில் அந்தச் சாக்கு நீர் சொட்டத் தொங்கியது.

“ஒரே பூசணம் அக்கா. பிளீச்சிங் பவுடர்ல ஊறவெச்சு அடிச்சேன். எப்படி ஆயிடுச்சு பாருங்க!”

கத்தத்தான் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடியாடுகிறவன்.

“நல்லாத்தான் கழுவியிருக்கே” என்றாள்.

“சட்டையைக் கொண்டாம்மா!” உள்ளேயிருந்து அண்ணி கூப்பிட்டாள். “நேரமாச்சு!”

“வரேன் அண்ணி.”

சாக்கின் அடித்தையல் இரட்டை மடிப்பு; உள்ளே துளி பூசணமாவது தப்பியிருக்கலாம். ஈரத்தில் நூல் இறுகியிருந்தது. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, நகத்தால் அதைப் பிரிக்க ஆரம்பித்தாள்.