எண் அழிந்த ஈயம்

கடலோரப் பாறையில் குந்தியிருந்த தம்பையா விடிந்ததிலிருந்து எண்ணிக்கொண்டே இருந்தார். மருமகன் அஜந்தன் முப்பத்தேழு தடவை தூண்டிலை வீசிவிட்டான். முப்பத்தேழு தடவையும் வெறும் கொக்கிதான் திரும்பி வந்தது. நடிக்கிறவன் என்றால் பத்தாவது தடவையிலேயே களைத்திருப்பான். இவன் களைக்கவில்லை. அதற்காக நம்பிவிட முடியுமா? தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேரைக் கொடுத்துவிட்டுத் தேயிலைக்கடியில் படுத்துத் தூங்கினவர்களை நாற்பது வருஷம் பார்த்தவர் அவர்.

மகள் சுபாஜினி, பசறைப் பக்கம் இருக்கும் புருஷன் வீட்டை விட்டு ஹாலிஎலயில் அவருடைய தோட்டத்து லய வீட்டுக்குப் பெட்டியோடு வந்து ஒரு மாதமாகிறது. அஜந்தன் இங்கே பொத்துவில் பக்கம் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்தவன். சீசன் முடிந்து ஹோட்டலை மூடினார்கள். மூடினால் வீட்டுக்கு வரவேண்டியதுதானே. கரையில் நின்று மீன் பிடித்துப் பிழைக்கிறேன் என்று அங்கேயே தங்கிவிட்டான். எப்போதாவது வருவான், வெறுங்கையோடு. கேட்டால், கடல் இழுக்குது, மீன் கடிக்கல என்பான்.

"மீன் கடிக்கலயாம். வேற எவளோ கடிச்சிருக்கா" என்றாள் சுபாஜினி.

"நான் போய் என் கண்ணால பாக்குறேன். பொய்யின்னா நீ இங்கயே இரு. மெய்யின்னா பெட்டியத் தூக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் தம்பையா பஸ் ஏறினார். லுணுகலை மலைப்பாதை வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, நேற்றுப் பொழுது சாயும்போது வந்து இறங்கினார். இன்று விடியுமுன் மருமகன் முகம் கழுவப் போன நேரத்தில் அறையைத் துழாவினார். ஒரு பாய், ஒரு டம்ளர். தலையணையைத் தூக்கிப் பார்த்தார், ஜன்னல் கட்டையில் கொண்டை ஊசி கிடக்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அதில் நிம்மதி வரவில்லை. ஒளிக்கத் தெரிந்தவனாகவும் இருப்பானோ என்ற சந்தேகம்தான் கூடியது.

இரண்டு பாறைகளுக்கு நடுவில் கடல் ஆறு மாதிரிப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஷுக்ரி உள்ளூர்க்காரர். அவருடைய வாளியில் ஏற்கெனவே இரண்டு பாரை மீன்கள் கிடந்தன. இருவரும் வீசியது ஒரே மாதிரிப் பொருள்தான்: விரல் நீளத்தில் மீன் உருவில் வார்த்த வெள்ளி நிறக் கட்டி, தலைப்பக்கம் கொக்கி. ஜிக் என்றார்கள். புழுவும் இல்லை, மாவும் இல்லை.

"இரும்பக் காட்டி மீனக் கூப்புடுறியா? மீன் அவ்வளவு முட்டாளா?"

"முட்டாள் இல்ல ஐயா, அவசரக்காரன்" என்றார் ஷுக்ரி.

அஜந்தன் சிரிக்கவில்லை. "இரும்பில்ல மாமா, ஈயம். அடியத் தொட்டதும் வெட்டி வெட்டி மேல இழுக்கணும். சின்ன மீன் ஓடுதுன்னு பெருசு பாயும். எனக்கு அடியத் தொட மாட்டேங்குது. அதுக்குள்ள இழுவை தூக்கிட்டுப் போயிருது. அவருக்குத் தொடுது. எனக்கு ராசி இல்ல."

"அவருது கனமா இருக்கும்."

"இல்ல மாமா, ரெண்டும் அறுபது கிராம். இந்தாங்க, எழுதியிருக்கு பாருங்க."

எழுதியிருக்கு. அந்தச் சொல்லைக் கேட்டதும் தம்பையாவுக்குக் காது சூடானது. கொழுந்து சாக்கை முப்பது வருஷம் தராசுக்குத் தூக்கிக் கொடுத்த தோள் அவருடையது. தராசுக் கொக்கியில் மாட்டுமுன்பே எடை என்னவென்று கைக்குத் தெரிந்துவிடும். கருப்பம்மா பறித்த கொழுந்து பதினெட்டுக் கிலோ என்று கை சொல்லும். நிறுக்கிறவன் பதினைந்து என்று எழுதுவான். கேட்டால், எழுதியாச்சு என்பான்.

"ரெண்டையும் கழட்டிக் கொடு."

ஒரு உள்ளங்கையில் ஷுக்ரியுடையதை வைத்தார், மற்றதில் மருமகனுடையதை. அளவு ஒன்று, எண் ஒன்று. கண்ணை மூடினார். மாற்றி வைத்துப் பார்த்தார்.

"இது களவு. ஈயமே இல்ல, என்னத்தையோ வார்த்து வெள்ளி பூசியிருக்கான். எடை பாதிக்குக் கொஞ்சந்தான் மேல இருக்கும். எவன்கிட்ட வாங்குன?"

"சந்தையில ஒரு ஆளு. ஹோட்டல் மூடுனப்போ கடைசிச் சம்பளத்துல பெட்டியோட வாங்குனேன்."

பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். அத்தனையும் அதே இனம்.

"படிச்ச பய. எழுதியிருக்கிறத நம்பியிருக்க. ரெண்டு மாசமா இதையா வீசுற?"

"ரெண்டு மாசமா." அஜந்தன் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டான். "நான் சொன்னத அவ நம்பவே இல்ல மாமா."

"நானுந்தான் நம்பல. இன்னமும் பாதிதான் நம்புறேன். எந்திரி."

ஷுக்ரி தன் பையைக் கிளறி ஒரு பழைய ஜிக்கை நீட்டினார். பூச்சு உரிந்து, எண் அழிந்து, கறுத்துப் போயிருந்தது. தம்பையா கையில் தூக்கிப் பார்த்தார். எண் இல்லாததாலேயே அதன் மேல் அவருக்கு ஒரு மதிப்பு வந்தது. "இதப் போடு."

அஜந்தன் வீசினான். அது போய் விழுந்த நேரத்தில் தம்பையாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. சுபாஜினி.

"என்னப்பா, மெய்யா பொய்யா?"

நூல் சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது. இழுவை அதைப் பக்கவாட்டில் வில்லாக வளைத்தது.

"இரு. இன்னும் அடியத் தொடல."

"என்னது?"

ஈயம் அடியைத் தொட்டு, ஓடிய நூல் சட்டென்று நின்று தளர்ந்தது. அஜந்தன் தூண்டிலை வெட்டக்கூட மறந்து மாமனாரைத் திரும்பிப் பார்த்தான். போனில் மகளின் மூச்சு கேட்டது. தம்பையாவின் மறுகையில் அந்தப் பொய் அறுபது இன்னும் இருந்தது. நூலிலிருந்து கண்ணை எடுக்காமலே அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.