வாளிக்குள் அந்தோணியார்

காணாமல் போனது கிடைக்க அந்தோணியாரைத் தலைகீழாக வைப்பது எங்கள் பக்கத்திலும் உண்டுதான். அதற்காக இப்படியா? ஒரு முழச் சுரூபத்தை என் பால்வாளித் தண்ணீரில் தலைகுப்புற முக்கி வைத்திருந்தாள் டெல்மி. ஹோண்டுராஸிலிருந்து மாற்றுத்துணிகூட இல்லாமல் வந்தவள், சாமியை மட்டும் சுமந்து வந்திருந்தாள்.

“அடியே, அவருக்கு மூச்சு முட்டாதா?”

“முட்டட்டும் ரெமெதியோஸம்மா. தங்கச்சியக் குடுத்தா நிமித்துறேன். எங்க வீட்ல கோழி தொலைஞ்சாக்கூட இப்படித்தான்.”

நாலு நாளைக்கு முன்னால், வழியில் நின்ற சரக்கு ரயில் திடீரென்று கிளம்பிவிட்டது. டெல்மி ஏறிவிட்டாள், பதினேழு வயசுத் தங்கை யாமிலெத் கீழேயே நின்றுவிட்டாள். போனும் இவளிடம்தான். எங்கள் ஊரில் இறங்கி, வருகிற ரயிலையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிழைப்புத் தேடி, எல்லை தாண்ட ரயில் கூரையில் வடக்கே போகிறவர்களுக்குச் சோறும் பீன்ஸும் பையில் கட்டி வீசுவது எங்கள் தெருப் பெண்களின் வேலை. அன்று ஊதல் கேட்டதும் பைகளோடு ஓடினேன். டெல்மி பையைத் தொடவே இல்லை. சாமியை வாளியிலிருந்து உருவி, கோழியைத் தூக்குகிற மாதிரி காலைப் பிடித்துத் தலைக்குமேல் உயர்த்திக்கொண்டு நின்றாள்.

“மானத்த வாங்காதடி! நேராப் பிடி!”

“இன்னும் குடுக்கலையே!”

பெட்டிகள் தடதடவென்று போயின. எத்தனை கைகள், எத்தனை முகங்கள்! யாமிலெத் இல்லை. ஐயோ, இன்னும் நாலே பெட்டிதான். அப்போது கூரைமேலிருந்து ஒரு கத்தல்:

“அக்கா! கோழி இங்க இருக்கு!”

டெல்மி சாமியோடு ஓடினாள். நான் அவள் பின்னால் ஓடினேன். வளைவில் ரயில் மெதுவானதும் ஒரு பெண் ஏணியில் இறங்கிப் புல்லில் குதித்தாள். எனக்கு உயிரே போய்த் திரும்பி வந்தது. முழங்கால் இரண்டும் சிராய்த்து ரத்தம். “சாமிய இப்படிப் பிடிக்கிற கிறுக்கி உலகத்துல ஒருத்திதானே!” என்று அக்காவைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள், அழுகிறாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

டெல்மி சாமியை நிமிர்த்தி, பாவாடையால் துடைத்து, முத்தம் கொடுத்தாள்.

மறுநாள் கிளம்பும்போது கேட்டேவிட்டேன்.

“சாமிய எனக்குக் குடுத்துட்டுப் போடி.”

“எதுக்கும்மா?”

“என் மவன் நபோர் இதே ரயில்ல போனான். பதினொரு வருசமாச்சு. ஒரு போன் இல்ல.”

அவள் சாமியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

அவர்கள் போனதும் வாளியில் தண்ணீர் பிடித்தேன். “கோவிச்சுக்காதீங்க அந்தோணியாரே” என்று சொல்லித் தலைகீழாக இறக்கினேன். குமிழி குமிழியாக வந்தது.

முட்டட்டும்.