வரிசையாக இருந்த ஓட்டைகள்

அக்கா வீட்டுக்காரருக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அதனாலேயே அங்கே அவரை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு விரட்டினாள். சொந்தக்காரருக்குச் சலுகை என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதாம். நாலு பேர் வாயை மூட அத்தானின் முதுகுதான் அவளுக்குக் கிடைத்தது.

எஃகை நுண்ணோக்கியில் பார்த்து ஆயுள் சொல்வது அவள் வேலை. அவள் பார்க்கப்போகும் துண்டைப் பளபளவென்று தேய்த்துத் தருவது அத்தானின் வேலை. கொதிகலன் குழாய்க்கான எஃகில் பொடியிலும் பொடியான துகள்கள் தூவிக் கிடக்கும். சூட்டில் உள்ளே அணுக்களின் அடுக்குகள் நழுவப் பார்க்கும்போது அவை குறுக்கே நின்று மறிக்கும். ஆனாலும் சூடும் அழுத்தமும் வருஷக்கணக்கில் சேர்ந்தால் எவ்வளவு வலுவூட்டிய எஃகும் மயிரிழை மயிரிழையாக நீளத்தான் செய்யும். அப்போது எஃகை உருவாக்கும் நுண்ணிய படிக மணிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் எல்லைகளில் ஊசிமுனை ஓட்டைகள் திறக்கும். அவை ஒன்று சேர்ந்தால் விரிசல்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மின்நிலையத்தின் நீராவிக் குழாயிலிருந்து ஒரு துண்டு வந்தது. மணிகளுக்குள்ளே துகள்கள் அசையாமல் நின்ற அழகில் அவள் சொக்கிப்போனாள். எல்லைகளில் சில ஓட்டைகள் தெரிந்தன. கவனமில்லாமல் தேய்த்தாலும் அதுபோல ஓட்டை விழும் என்பதால், அத்தானைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டாள்.

அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். “தேய்ச்சதுல விழுந்திருந்தா அங்கங்க இருக்கும் மேடம். இது வரிசையா இருக்கு.”

“பாக்கறது என் வேலை. நீங்க திரும்பத் தேய்ச்சுக் கொண்டு வாங்க.”

மறுநாள் துண்டு மாசுமருவில்லாமல் வந்தது. குழாய் இன்னும் ஐந்து வருஷம் தாங்கும் என்று கையெழுத்துப் போட்டாள். பதினோராவது மாதம் குழாய் வெடித்தது. பக்கத்தில் நின்ற ஃபிட்டருக்கு முகம் வெந்து, இரண்டு கண்களும் போயின. மூன்று பிள்ளைகளின் தகப்பன்.

வெடித்த குழாயின் துண்டு விசாரணைக்காக அவளிடமே வந்தது. இந்தத் தடவை அவளே தேய்த்தாள். தேய்ப்பதும் அமிலத்தில் தோய்ப்பதுமாக மாற்றி மாற்றிச் செய்தாள். எல்லை நெடுக ஓட்டைகள். அலமாரியில் கிடந்த பழைய துண்டையும் எடுத்து அப்படியே செய்து பார்த்தாள். அதிலும் அதே வரிசை வெளியே வந்தது. அமிலம் காட்டாமல் அழுத்தித் தேய்த்தால் மேல்தோல் இழுபட்டு ஓட்டைகளை மூடிவிடும். படிக்கும்போதே கற்ற பாடம்தான். அன்று கோபம் அதை மறைத்துவிட்டது.

அறிக்கையைப் பாதியில் விட்டுவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் துணி மடித்துக்கொண்டிருந்தார். தப்பு தன்னுடையது, அப்படியே எழுதப்போகிறேன், வேலை போனாலும் போகட்டும் என்றாள்.

அத்தான் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். “என் பேரையும் எழுதும்மா. அப்படித் தேய்ச்சா மூடிக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தேய்ச்சேன்.”

ஏன் சொல்லவில்லை என்று அவரை எப்படிக் கேட்பது? ஒரு தடவை சொன்னதற்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா?

அடுப்படி வாசலில் அக்கா வந்து நின்றாள்.

“அன்னிக்குச் சாயங்காலம் வந்து எங்கிட்டச் சொன்னார் பாப்பா. அந்த ஓட்டை நிஜம், நாளைக்கு மறுபடியும் அவகிட்டப் பேசப்போறேன்னார். நான்தான் விடல. அவ எவ்வளவு படிச்சவ, அவளுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடப்போகுதுன்னு கேட்டேன்.”

அவளைப் படிக்கவைப்பதற்காகத் தன் படிப்பைப் பாதியில் நிறுத்தியவள் அக்கா. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.